சஃபரிங் ஃப்ரம்

"இது ஃபீவரா, ஃபாதரா?"

ஹெலன் மிஸ் அப்படிக் கேட்டபோது அவளுக்குப் பதிமூன்று வயது. மிஸ் கையில் அவள் எழுதிய லீவ் லெட்டர்.

எல்லோரும் எழுதுகிற அதே வரிதான். ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர். எட்டாம் வகுப்பு பி பிரிவில் அந்த வரி தெரியாத பிள்ளை கிடையாது. வயிற்றுவலிக்கும் அதுதான், அத்தை மகள் சடங்குக்கும் அதுதான்.

அவள் கை ஃபீவர் என்று எழுதவில்லை. ஃபாதர் என்று எழுதியிருந்தது.

கீழே அப்பாவின் கையெழுத்து.

மிஸ் அதை வகுப்புக்கே படித்துக் காட்டினார். நாற்பது பேர் சிரித்தார்கள். அவளுக்கு வலது பக்கத்துச் சிரிப்பு மட்டும் கேட்டது. முந்தாநாள் விழுந்த அறையின் இரைச்சல் இடது காதில் இன்னும் அடங்கவில்லை.

"ஃபீவர் மிஸ்," என்றாள்.

"அப்போ பத்து தடவை எழுதிக் கொண்டா."

எழுதினாள். எஃப், இ, வி, இ, ஆர்.

மறுநாளிலிருந்து அவள் பெயர் ஃபாதர் ஆனது. குழாயடியில் ஃபாதர். சத்துணவு வரிசையில் ஃபாதர். அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது. தையல்காரர் கொடுத்தனுப்பும் ரவிக்கைகளுக்கு வாசலில் உட்கார்ந்து ஊக்கு தைக்கிறாள்.

தெருமுனை டியூஷன் சென்டர் போர்டில் ஒரு ஐ குறைகிறது. பிள்ளைகள் குறையவில்லை. சிக்கன் ரைஸ் வண்டியில் சிக்கனுக்கு ஒரு சி இல்லை. அதற்காக யாரும் திரும்பிப் போனதில்லை. கல்யாண பேனரில் வெல்கமுக்கு ஒரு எல் கூடுதல். மாப்பிள்ளை வீட்டார் அதன் கீழேயே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

போர்டைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

தெருப் பிள்ளைகளுக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுப்பது அவள்தான். ஓர் எழுத்து பிசகாது என்று பெயர்.

அன்று காலையில் கனிஷ்கா வந்தாள். வலது பக்கம் மூன்றாவது வீட்டுப் பிள்ளை. அதே பள்ளிக்கூடம். அதே எட்டாம் வகுப்பு பி. இப்போதும் ஹெலன் மிஸ்தான்.

"அக்கா, நேத்து லீவுக்கு லெட்டர். காய்ச்சல்னு போடணுமாம். அம்மா சொல்லுச்சு."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

கனிஷ்கா வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். அதை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. முந்தாநாள் சாயங்காலம் அந்த வீட்டில் அவள் அப்பா போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தெரு முழுக்க டிவியைக் கூட்டி வைத்துக்கொண்டது.

சஃபரிங் ஃப்ரம் வரை பேனா நிற்கவில்லை.

இரண்டு வார்த்தைக்கும் முதல் எழுத்து எஃப். கடைசி இரண்டும் இ, ஆர். நடுவில்தான் வித்தியாசம்.

எழுதினாள்.

கனிஷ்கா உதட்டை அசைத்துப் படித்தாள். அந்த இடத்தில் உதடு நின்றது.

"அக்கா, ஸ்பெல்லிங்..."

"சரிதான். வேண்டாம்னா மாத்தித் தரேன்."

கனிஷ்கா மாற்றச் சொல்லவில்லை. இடது கையால் வாங்கிக்கொண்டு போனாள்.

லெட்டரில் கனிஷ்காவின் அப்பா கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

அன்று ஊக்கெல்லாம் கோணலாகவே விழுந்தது. ஒரு ரவிக்கையை மூன்று முறை பிரித்தாள். இந்நேரம் மிஸ் படித்துக் காட்டியிருப்பார். இந்நேரம் நாற்பது பேர் சிரித்திருப்பார்கள். தன் பழைய பெயரைத் தூக்கி அந்தப் பிள்ளை தலையில் வைத்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

ஐந்து மணிக்கு ஹெலன் மிஸ் வாசலில் வந்து நின்றார். காதோரம் நரைத்திருந்தது. கையில் லெட்டர்.

அந்த வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். மேலே திருத்தி எழுதியிருக்கவில்லை.

"நீ எழுதிக் குடுத்ததா கனிஷ்கா சொன்னா."

"ஆமா மிஸ்."

"க்ளாஸ்ல படிக்கல."

அவள் ஊசியை ரவிக்கையில் குத்தி வைத்தாள்.

மிஸ் லெட்டரை அவள் பக்கம் திருப்பினார். "இது ஃபீவரா..."

மிஸ்ஸின் விரல் சிவப்பு வட்டத்தின் மேல் இருந்தது.

உள்ளே அவளுடைய அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவள் குரல் வாசலிலிருந்து உள்ளறை வரை ஒருநாளும் போனதில்லை.

"ஃபாதர் மிஸ்," என்றாள். "ரெண்டு லெட்டர்லயும்."

டிவி சத்தம் நின்றது.

அவள் கை தானாக இடது காதுக்குப் போயிருந்தது. மிஸ் அந்தக் கையையே பார்த்தார். பிறகு லெட்டரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். படியிறங்கினார்.

பஸ் ஸ்டாப்புக்கு இடது பக்கம் போக வேண்டும்.

மிஸ் வலது பக்கம், மூன்றாவது வீட்டை நோக்கித் திரும்பினார்.