பாலத்தடித் தொலையளவி

ஆற்றுப் பாலத்தின் அடியில் ஒரு கருவியைத் திருகி மாட்டியிருந்தார்கள். தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று மேலிருந்தே அளந்து, எங்கோ உள்ள அலுவலகத்துக்குச் சொல்வது அதன் வேலை.

கீழே மீனுக்காக நின்ற கொக்கு ஒருநாள் கேட்டது: "உன் பேர் என்னப்பா?"

"தொலையளவி. எட்ட இருந்தே அளக்கிறவங்களுக்கு அதுதான் பேர்."

"நானும் மீனை எட்ட நின்னுதான் அளக்கிறேன். அப்போ நானும் தொலையளவியா?"

கருவி யோசித்தது. "அளந்த பிறகு என்ன செய்வீங்க?"

"தலையைத் தண்ணிக்குள்ள விட்டுக் கொத்துவேன்."

"அப்போ நீங்க இல்லை. நாங்க தொடவே மாட்டோம்."

"தொடவே மாட்டியா? மூணு வருஷமா இந்த ஆத்தை அளக்கிறியே, தண்ணி சில்லுனு இருக்குமா, வெதுவெதுன்னு இருக்குமான்னு சொல்லு பார்ப்போம்."

கருவிக்குத் தெரியவில்லை. அதன்பின் "ஐந்து மீட்டர்" என்று அனுப்பும்போதெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. "மூன்று மீட்டர்" என்று கருவி சொல்லி முடிப்பதற்குள் ஆறு மேலே ஏறிவிட்டது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நின்ற கொக்கு, "வந்துடுப்பா!" என்று கத்தியது. திருகி மாட்டிய கருவி எங்கே வரும்? செம்மண் தண்ணீர் அதன் முகத்தைத் தொட்டது.

"சில்லுனு இருக்கு!" என்று கொக்கிடம் கூவியது கருவி. அலுவலகத்துக்குப் "பூஜ்யம்" என்று அனுப்பியது.

அந்த ஆற்றை ஒருமுறைகூடப் பார்த்திராத அலுவலர் எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பிறகு, "கருவி பழுது" என்று எழுதினார்.