கூடத்து ஆந்தை

“இந்தக் கண்றாவியை யாருடி உன் தலையில கட்டினது?”

அக்கா மகள் வீட்டுக் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த நான்கு பறவைப் படங்களைப் பார்த்துத்தான் சித்தி முகத்தைச் சுளித்தாள். ஆந்தை, கொக்கு, மீன்கொத்தி, மரங்கொத்தி. பழுப்பேறிய தாளில், கீழே ஏதோ புரியாத கிறுக்கலோடு இருந்தன.

அவள் வந்த காரியமே வேறு. மகன் படிப்பை முடித்துவிட்டு வருஷக்கணக்காக வீட்டில் குப்புறப் படுத்திருக்கிறான். அக்கா மகளின் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், யாரை எடுப்பது என்று முடிவு செய்பவளே அவள்தான். அவள் மனசைக் குளிர வைக்க, பீரோ மேல் கிடந்த ஒரு பரிசுப் பொட்டலத்தைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தாள் சித்தி. உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

காரியம் ஆகும்வரையாவது வாய் சும்மா இருக்க வேண்டாமா? அந்தப் பழக்கம் சித்திக்கு இல்லை.

“அந்தக் காலத்துல கையால வரைஞ்ச படங்க சித்தி. இது அதோட அச்சு” என்றாள் அக்கா மகள், டீயை நீட்டியபடி.

“நகலுக்கா கண்ணாடியெல்லாம் போட்டு மாட்டி வெச்சிருக்கே? பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான். போயும் போயும் ஆந்தை வேற, வர்றவங்களை எல்லாம் முறைக்குது. கொடுத்தது எந்தக் கஞ்சப் பிசினாறி?”

“நீங்கதான் சித்தி. எங்க கல்யாண நாளுக்குக் கொடுத்தீங்களே.”

சித்தி டீயைக் கீழே வைத்தாள். வந்த பரிசைப் பிரிக்காமல் அப்படியே அடுத்தவர் கையில் தள்ளிவிடுகிற வழக்கம் இப்படிக் காலை வாரும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனாலும் சித்தி அசருகிறவளா?

“அதுவா? நானா வாங்கினேன் அதை? நாங்க புது வீட்டுக்கு வந்தப்போ யாரோ கொடுத்துட்டுப் போனது. நல்லதா இருக்கும்னு நம்பி உனக்குக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். இந்த மாதிரி அல்பங்களை வாசப்படியே ஏத்தக் கூடாது. சரி, அதை விடு. தம்பி வேலை விஷயம் என்னாச்சு?”

அக்கா மகள் எழுந்து போய், லேசாகக் கோணியிருந்த ஆந்தையை நேராக்கினாள்.

“அன்னிக்கு உங்களுக்கு அதைக் கொடுத்ததே நாங்கதான், சித்தி.”