இடது பக்கத்துக் கடல்

தேனாம்பேட்டை கேலரியில் அந்தக் கப்பல் ஓவியத்தைச் சுற்றி நல்ல கூட்டம். ஒரு மாசமாகத் தலைவலியோடு டில்லிபாபு வரைந்த படம். அவர் மனைவி பாஞ்சாலிக்குப் பெருமை தாங்கவில்லை.

"கப்பல்கள் எல்லாம் வலது ஓரத்தில் முட்டி மோதுகின்றன. இடது பாதியில் ஒரு கோடுகூட இல்லை. அந்த வெறுமைதான் மரணம்!" என்று விளக்கினார் விமர்சகர்.

பாஞ்சாலி கணவரின் வலது காதில் கிசுகிசுத்தாள். "இன்னா மாமா, காலைல இடது கன்னத்தை ஷேவ் பண்ணாம வந்தியே, அதுவும் ஸ்டைலா?"

"முழுசாத்தானே பண்ணேன்?"

"சரி, படத்துல அந்தப் பக்கத்தை ஏன் காலியா வுட்ட?"

"காலியா? படம் பூரா கப்பல் கீதே! அத்த வுடு, பஜ்ஜி மட்டும் குடுத்தானுங்க, கேசரியே வெக்கல பாரு."

பாஞ்சாலி அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். வலது பக்கம் பஜ்ஜி தீர்ந்திருந்தது. இடது பக்கம் கேசரி வைத்தது வைத்தபடி இருந்தது.

அவள் தட்டையும் ஓவியத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல நகர்ந்து அவருடைய இடது பக்கம் போய் நின்றாள்.

"மாமா..."

டில்லிபாபு வலது பக்கமே திரும்பித் திரும்பித் தேடினார்.

"பாஞ்சாலி? இங்கதானே இருந்த, எங்க போய்ட்ட?"

விமர்சகர் மரணம் என்று சொன்ன அந்தப் பக்கத்தில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.