பூரணி அனுப்பிய பில்

புயலில் வள்ளம், எஞ்சின், வீடு எல்லாவற்றையும் பறிகொடுத்து நின்ற பக்கீருக்கு, பத்தாம் நாள் பூரணி பில் அனுப்பிவிட்டாள்.

அவள் புருஷன் தம்பையாவுக்கு அது தெரியவந்தது கடற்கரைத் தேத்தண்ணிக் கடையில். இறக்கக்கண்டியிலிருந்து மீன் கொண்டுவந்த கதிரவேல்தான் சொன்னான். சொல்லிவிட்டு, இரக்கமில்லாத சனங்கள் என்று வேறு யாருக்கோ சொல்வதுபோல முணுமுணுத்தான்.

தம்பையா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினான்.

திருகோணமலைத் துறைமுகத்தடியில் வள்ள எஞ்சின் திருத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கையில் காசு நின்றதில்லை. மீன் பட்டதும் காசு தாறம் என்பார்கள் வள்ளக்காரர்கள், இவனும் தலையாட்டுவான். எஞ்சின் சாமான் வாங்க வழியில்லாமல் பட்டறையை இழுத்துப் பூட்டிய நாட்களும் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன் பூரணி ஒரு பில் புத்தகமும் காபன் தாளும் வாங்கிக்கொண்டு வந்து பட்டறையில் உட்கார்ந்தாள். பாதிக் காசு முன்பணம். மிச்சத்துக்குத் தவணைத் திகதி. திகதி தவறினால் அவளே வீட்டு வாசலில் போய் நிற்பாள். ஊர் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றது. ஆனால் பட்டறை அலுமாரியில் சாமான் நிறைந்தது. கொழும்பு வியாபாரியின் கடன் தீர்ந்தது. தம்பையாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

இன்றைக்கு அந்தப் பெருமை முள்ளாகக் குத்தியது. வீட்டுக்குப் போகாமல், நாலு கொத்து அரிசி வாங்கிக்கொண்டு நேரே இறக்கக்கண்டிக்குப் பஸ் ஏறினான்.

ஓலைக் கொட்டிலுக்கு வெளியே, கரையொதுங்கிய வலையொன்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான் பக்கீர்.

“அந்தப் பில்லைக் கிழிச்சுப் போடும், பக்கீர். பூரணி செய்தது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

பக்கீர் விளங்காமல் பார்த்தான்.

“கிழிக்கிறதோ? அந்தக் கடுதாசியாலதான், அண்ணன், எனக்கு எஞ்சின் கிடைக்கப்போகுது.”

பிறகு விபரமாகச் சொன்னான். எஞ்சினைப் பறிகொடுத்தவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதாம். எஞ்சின் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். அவனிடமிருந்த கடுதாசியெல்லாம் வீட்டோடு கடலுக்குப் போய்விட்டது. அரசாங்கக் கச்சேரிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்த பூரணி, புத்தகத்திலிருந்த காபன் பிரதியைப் பார்த்து அவனுடைய பில்லைத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறாள். அவனுக்கு மட்டுமல்ல, அந்தக் கரையில் அவர்களிடம் எஞ்சின் திருத்திய பதினொரு பேருக்கும்.

எஞ்சினில் யாருக்காவது கடன் நின்றால், அதைக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுப்பார்கள் என்றும் அறிவித்தலில் இருந்ததாம்.

பக்கீர் கொஞ்சம் தயங்கி, மடியிலிருந்த பில்லை எடுத்து நீட்டினான். எஞ்சின் இலக்கம், மாற்றிய சாமான், கூலி, திகதி, எல்லாம் பூரணியின் அச்சுப்போன்ற எழுத்து. அடியில் ஒரு வரி: முழுப் பணமும் பெற்றுக்கொண்டோம்.

“மிச்சம் முந்நூற்றி இருபது ரூபா நான் இன்னும் தரேல்லையே, அண்ணன். அக்கா பிழையா எழுதிப்போட்டாவோ?”

தம்பையா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தான். ஒரு காலத்தில் மூன்று ரூபாயைக்கூட விட்டுக்கொடுக்க வழியில்லாமல் கிடந்த பட்டறை. பில்லைப் பக்குவமாக மடித்துப் பக்கீரின் கையில் திரும்ப வைத்தான்.

“இல்லை,” என்றான் தலையை நிமிர்த்தி. “என்ர பூரணி கணக்கில பிழை விடமாட்டாள்.”