ஃப்ரிட்ஜும் பல்லியும் போட்ட ஆல்பம்

சமையலறைப் பல்லி, ஃப்ரிட்ஜோடு கூட்டுச் சேர்ந்து புதுசாக ஓர் இசை ஆல்பம் போட்டது. ஃப்ரிட்ஜ் உறுமும், அது மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் பல்லி உச்சுக்கொட்டும். அவ்வளவுதான் இசை.

சுவர்க்கடிகாரம் முழுசாகக் கேட்டுவிட்டு முகம் சுளித்தது. "ராகமும் இல்லை, தாளமும் இல்லை. கரண்டுக்குப் பிடித்த கேடு!"

பல்லிக்கு வால் அறுந்த மாதிரி வலித்தது.

"அறுந்தா முளைக்காதா தம்பி? அடுத்த பாட்டுக்கு வா," என்றது ஃப்ரிட்ஜ்.

மறுநாள் மத்தியானம் கரண்டு போய்விட்டது. ஃப்ரிட்ஜ் ஊமையானது, அண்ணன் இல்லாமல் பல்லியும் வாய் திறக்கவில்லை. பேட்டரியில் ஓடும் கடிகாரம் மட்டும் தன்னந்தனியாக டிக் டிக் என்றது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா பல்லி, அந்த உறுமல் எப்ப வரும்?" என்று மெல்லக் கேட்டது.

அதற்குள் கரண்டு வந்தது. ஃப்ரிட்ஜ் உடம்பைக் குலுக்கி உறுமியது. தாளம் தப்பாத கடிகாரம், ஒரு டிக் சொல்ல மறந்து கேட்டுக்கொண்டிருந்தது.