பின்சீட்டு மாமியார்

கிளட்சை டபக்கென்று விட்டுவிட்டாள் கனகவல்லி. அம்பாசடர் ஒரு குதி குதித்து ஆஃப் ஆகி நின்றது.

பக்கத்தில் இருந்த புருஷன் துளசிங்கம் வாயைத் திறப்பதற்குள், பின் சீட்டிலிருந்து அவன் அம்மா அஞ்சம்மாள் அலறினாள்.

"டேய், கதவத் தொறடா! கொமட்டிகினு வருதுடா!"

"சாவுகிராக்கி! வண்டில ஏறாதன்னா கேக்கறியா? போன வாரந்தான் சீட் கவர் மாத்தினேன். அதுல மட்டும் வாந்தி எடுத்துப் பாரு, இங்கியே எறக்கி வுட்டுட்டுப் போய்டுவேன்!"

அஞ்சம்மாள் இறங்கி, வறண்டு கிடந்த ஏரி மண்ணில் குந்தி, ஓக் ஓக் என்று சத்தம் கொடுத்தாள். துளசிங்கம் அவளைத் திட்டித் தீர்த்தான். திட்டி முடித்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"ம்... நீ வண்டிய எடு" என்றான் பெண்டாட்டியிடம், குரல் இறங்கிப்போய்.

கனகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலை ஆறிலிருந்து ஏழு வரைக்கும்தான் பாடம். அப்புறம் துளசிங்கம் வண்டியை டாக்ஸி சவாரிக்கு எடுத்துப் போய்விடுவான். அந்த ஒரு மணியில் பாதியை இந்தக் குமட்டல் தின்றுவிடுகிறது.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மா, தன் புது மாருதிக்குப் பெண் டிரைவர்தான் வேண்டும் என்றிருந்தார். "ஜூன் ஒண்ணாம் தேதி லைசென்ஸோட வா. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

கனகவல்லிக்குத் தோல் கம்பெனியில் வேலை. ஒன்பது வருஷமாக ஈரத் தோலைப் புரட்டிப் புரட்டி விரலெல்லாம் வெடித்துக் கிடந்தது. குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் எரியும். அந்தக் கையால் இனி ஸ்டீரிங்தான் பிடிப்பது என்று முடிவு கட்டிவிட்டாள். 1992-ல் எங்கள் அஸ்தினாபுரம் தெருவில் ஒரு பெண் கார் ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

முதல் நாள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் போனார்கள். துளசிங்கம் ஊருக்கெல்லாம் நல்லவன். யாராவது தன் வண்டியின் கியரைக் கறகறவென்று போட்டால் மட்டும் பைத்தியம் பிடித்துவிடும். மண்டையில் நாலு கொட்டு. "ஒனக்கெல்லாம் இன்னாத்துக்குடி டிரைவிங்கு? போயி தோலப் பொரட்டு!"

அழுதுகொண்டே வீடு வந்த கனகவல்லி, "இனிமே நான் போவல" என்று சுருண்டு படுத்தாள். சாயந்திரம் சோற்றில் கை வைத்ததும் விரல் எரிந்தது. "நாளைக்கு ஆறு மணிக்குப் போலாம்" என்றாள்.

மறுநாள் காலை பார்த்தால், அஞ்சம்மாள் தலைவாரிப் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்க அத்தே கெளம்பிட்டீங்க?"

"எம்புள்ள வண்டி. நான் குந்துவேன். நீ யாரு கேக்க?"

அன்றிலிருந்து தினமும் இந்தக் கூத்துதான்.

"புருஷன் பெண்டாட்டி ஒரு மணி நேரம் ஒண்ணாப் போனா அந்தக் கிழவிக்குப் பொறுக்கல, பாரேன்" என்றாள் எதிர்வீட்டு சாவித்ரி. "மருமக டிரைவர் ஆயிட்டா தன்னை மதிக்கமாட்டாளோன்னு பயம்." தெருவில் எல்லோரும் தலையாட்டினோம்.

கனகவல்லி கெஞ்சியும் பார்த்தாள். "ஒத்துக்கலன்னா வூட்லயே இருங்களேன், அத்தே."

"மாட்டேன்."

எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தாள். கிழவி அதை முகர்ந்துகொண்டே குமட்டினாள்.

'நீ கத்திகினே இரு. நான் கத்துக்கினே தீருவேன்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டாள் கனகவல்லி.

மே பாதியில் குமட்டல் தானாகக் குறைந்தது. "கியவிக்குப் பயகிப் போச்சு போல" என்றான் துளசிங்கம்.

மாசக் கடைசியில் தாம்பரத்தில் டெஸ்ட். அன்றைக்கும் அஞ்சம்மாள் கூடவே வந்தாள். பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை. சாயந்திரமே லைசென்ஸ் கைக்கு வந்தது.

துளசிங்கத்துக்கு வாயெல்லாம் பல். "நான் ரயிலேறிப் போயி ஸ்பேர் வாங்கினு வரேன். நீயே ஓட்டினு போ. ஒயுங்கா ஓட்டு!" சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தான்.

முதல்முறையாக வண்டியில் மாமியாரும் மருமகளும் மட்டும்.

"அத்தே, வாந்தி வந்தா முன்னாடியே சொல்லிடுங்க. மெயின் ரோடு. சட்டுனு நிறுத்த முடியாது" என்றாள் கனகவல்லி, ஒரு மாதத்துக் காரத்தோடு.

அஞ்சம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு ஜல்லி லாரி நின்றது. அஞ்சம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"அந்த மாதிரி லாரி மேலதான் பதினாறு வருசம் திரிசூலம் குவாரிக்குப் போயினு வந்துகினு இருந்தேன். ஜல்லி மேல குந்திகினு, அது தூக்கித் தூக்கிப் போடறப்பவே கூழு குடிச்சவ நானு. எனக்கு இன்னாடி வாந்தி?"

கனகவல்லிக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

கேட் திறந்தது. கிளட்சை டபக்கென்று விட்டுவிட்டாள். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகி நின்றது. பின்னால் பத்து ஹாரன்கள் அலறின. பழக்கதோஷத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

அஞ்சம்மாள் அலறவில்லை.

"இன்னா பாக்கற? இன்னிக்குத்தான் மண்டைல கொட்ட ஆளில்லியே. நிதானமா எடு."