தொட்டிக்கு மேலே மூன்று கரெத்

எண்பத்தாறாம் ஆண்டு பாரிஸின் லாச்சப்பல் பகுதி உணவகமொன்றில் கோப்பை கழுவிய வாமதேவனுக்கு, கூடக் கழுவிய வேல்ஸ்காரன் கரெத் பிரைஸைக் கண்டாலே வயிறு எரியும். தன் பெயர் கொண்ட பெரிய மனிதர்களின் படங்களைப் பேப்பரிலிருந்து வெட்டி, தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தான் அவன். நீதிபதி கரெத் பிரைஸ், மலையேறும் கரெத் பிரைஸ், இரண்டு கையாலும் பியானோ வாசிக்கும் கரெத் பிரைஸ். வாமதேவன் என்று ஒருவரும் பேப்பரில் வந்ததில்லை.

கொதிக்கிற பானையோடு ஒருவரின் பின்னால் போனால் "ஷோ", அதாவது சூடு, என்று குரல் கொடுப்பது அந்தக் குசினியின் வழக்கம். சனிக்கிழமை வாமதேவன் வாயைத் திறக்கவில்லை. சட்டென்று திரும்பிய கரெத்தின் இடக்கை வெந்துபோனது.

மறுநாள் கரெத் வரவில்லை. படங்களில் மூவருக்கும் இடக்கையில் கட்டு இருந்தது.

"அண்ணை, இந்தக் கட்டு முந்தியும் இருந்ததோ?" என்று சமையல்காரர் தவரத்தினத்திடம் கேட்டான்.

"ஓம், ஒட்டின நாளிலயிருந்து இருக்குத்தானே. ஏன் கேக்கிறாய்?"

வாமதேவன் குழாயைத் திறந்தான். தன் கை வெந்தால் வேறு எந்த வாமதேவனின் கையில் கட்டு இருக்கும் என்று அப்போதும் அவனுக்கு வயிறு எரிந்தது. மேலே, பியானோக்காரர் வலக்கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.